என்னைத் தெரியாது என்ற முதலாளி

என் பெயர் கெரிம்குல், தகப்பனார் ஜோல்தோஷ், வயது நாற்பத்தாறு. சுசாக்கில் அக்கா வீட்டில் இருக்கிறேன். மாடு திருடிய வழக்கில் தண்டனை முடிந்து, போன இலையுதிர் காலத்தில் வெளியே வந்தேன். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் சிறைச் சான்றைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள்.

அதன் பிறகு மெதேர்பெக்கின் செங்கல் சூளையில் சேர்ந்தேன். அவர் காகிதம் எதுவும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. "உன் பேரு எங்கேயும் ஏறாதுடா. வரி ஆபீஸ்காரன் வந்தா பின்னாடி போய்ப் படுத்துக்க" என்றார். அப்படியே படுத்துக்கொண்டேன்.

இந்த வசந்தத்தில் முதல் சூளை பற்றவைத்த அன்று ஆடு அறுத்தார். எங்கள் வழக்கப்படி வயதுக்கும் மரியாதைக்கும் தக்கபடி எலும்பு பிரித்தபோது, எனக்கு மதிப்பான தொடையெலும்பைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்து, "சாப்பிடு, நீ என் தம்பி மாதிரி" என்றார். கையால் எலும்பு கொடுத்தவர் கைவிடமாட்டார், காகிதம் எதற்கு என்று நினைத்தேன். முட்டாள் நான்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் திருடு போயிருக்கிறது. மறுநாள் காவலர்கள் நேராக அக்கா வீட்டுக்கு வந்தார்கள். திருட்டு நடந்த நேரத்தில் நான் சூளையில் இருந்தேன், முதலாளியைக் கேளுங்கள் என்றேன். அதன் பிறகு என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே, "யாரு சார் இவன்? ஜெயிலுக்குப் போனவனுக்கு நான் ஏன் வேலை குடுக்கப்போறேன்?" என்றார். என்னோடு தின்றவர்கள் தலைநிமிராமல் மண் குழைத்தார்கள். ஒரு காவலர் சிரித்தார்.

திங்கட்கிழமை ஆஜராகும்படி எழுதி வாங்கிக்கொண்டு என்னை வெளியே விட்டார்கள். அதன் பிறகு நான் தனியாகச் சூளைக்குப் போனேன். அவர் ரொட்டியைத் தேநீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். "அண்ணே, அன்னைக்கு இங்க இருந்தேன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. இல்லேன்னா மறுபடி உள்ள போயிடுவேன்" என்று காலைப் பிடித்தேன்.

"போயேன், உனக்குப் பழகின இடந்தானே? உனக்காக நான் அபராதம் கட்டணுமா?" என்றார்.

அதன் பிறகு கையில் அகப்பட்ட செங்கல்லால் அவர் வாயிலேயே அடித்தேன். பச்சைக்கல் இல்லை, சுட்ட கல். வருத்தம் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவர் எழுதிக் கொடுத்த புகாரை இங்கே காவல் நிலையத்தில் படித்துக் காட்டினார்கள். 'என் சூளையில் குளிர்காலம் முதல் வேலை பார்க்கும், முதல் சூளை விருந்திலும் கடைசிவரை என்னோடு இருந்த கெரிம்குல் என்பவன்' என்று தொடங்குகிறது. ஆகவே மோட்டார் வழக்கில் நான் இல்லை என்று அதிகாரி சொன்னார். இந்த வழக்கில் எட்டு வருடம் கிடைக்கும் என்றும் சொன்னார்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்ததை மட்டும் அடித்து, 'செங்கல் சூளைத் தொழிலாளி' என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

(ஒப்பம்) கெரிம்குல்