லாரஸின் நீல இறால்கள்

லாரஸ்: மெதுவா, மாஸ்... தொட்டிக்குள்ள வலையை அப்படிச் சுழட்டாதீங்க. முட்டை சுமக்குறதெல்லாம் மிரளுது.

சேனோ: இதுல முட்டை சுமக்காதது எது? கையை விட்டா தண்ணிக்குப் பதிலா இறால்தான் வருது.

லாரஸ்: அதான் வந்து அள்ளிட்டுப் போன்னு போன் மேல போன் போட்டீங்களா?

சேனோ: என்ன பண்றது? கலர் மீன் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துறார். அம்மா வேற, "மாவுல கலந்து பொரிச்சா ஒரு தட்டு பெயேக் ஆகும்"னு...

லாரஸ்: ஐயோ! அத்தை செய்யக்கூடியவங்கதான்.

சேனோ: இன்னும் அம்மாவை அத்தைன்னும், என்னை மாஸ்னும்தான் கூப்பிடுறியா?

லாரஸ்: ...விவாகரத்து ஆனது வாய்க்கு இன்னும் தெரியல போல.

சேனோ: டீ ஆறுது. குடி.

லாரஸ்: அப்புறம். என்னோட நீலத்தை மட்டும் பிடிச்சுக் குடுங்க. சுரபாயால வாடகை ரூம்ல தொட்டி ரெடியா இருக்கு. வெறும் தண்ணி ஓடிட்டிருக்கு.

சேனோ: அந்தச் சூட்டுல தாங்குமா? இங்க மலாங் குளிருக்குப் பழகினது...

லாரஸ்: ஃபேன் வெச்சிருக்கேன். பிடிங்க.

சேனோ: இது...?

லாரஸ்: இது சேத்து நிறம்.

சேனோ: இது?

லாரஸ்: இதுவுந்தான். விளையாடாதீங்க, மாஸ். நான் போறப்ப அந்தக் கட்டைக்கு அடியில ஏழெட்டு நீலம் இருந்துச்சே?

சேனோ: போயிடுச்சு, லாரஸ். அதுங்க ஆயுசு அவ்வளவுதான். என் சிவப்பும் இல்ல. இதெல்லாம் ரெண்டும் கலந்து பொறந்த பேரப்பிள்ளைங்க.

லாரஸ்: தனியா எடுத்து வெச்சிருக்கலாமே...

சேனோ: நீயே வந்து எடுப்பேன்னு... விட்டுட்டேன்.

லாரஸ்: நிறம் மங்கினதை ஒதுக்கி ஒதுக்கி, எத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துக் கொண்டு வந்த நீலம் அது! கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். அதை வெச்சுத்தான் அங்க திரும்ப ஆரம்பிக்கணும்னு வந்தேன்.

சேனோ: தெரியும். அதான் போன்ல சொல்ல வாய் வரல.

லாரஸ்: நேர்ல மட்டும் சொன்னீங்களா? டீ குடின்னீங்க.

சேனோ: ...கல்யாணமாகி நீ இங்க வந்த அன்னிக்கு, உன் நீலத்தை என் சிவப்போட ஊத்தினியே. அன்னிக்கே எனக்குத் தெரியும். கலந்தா ரெண்டு நிறமும் போயிடும்னு.

லாரஸ்: மொத சேத்துக்குஞ்சு வந்தப்ப, "அட, இதென்ன"ன்னு ஆச்சரியப்பட்டீங்களே?

சேனோ: நடிச்சேன். நீ ஊத்தினப்ப சொந்தக்காரங்க எல்லாம் சுத்தி நின்னு கைதட்டிட்டிருந்தாங்க. அந்த நேரத்துல புதுப்பொண்ணுகிட்ட, "உன்னுது தனியா இருக்கட்டும்"னு எப்படிச் சொல்றது? நீ சங்கடப்படுவேன்னு...

லாரஸ்: நானுந்தான் நடிச்சேன்.

சேனோ: என்னது?

லாரஸ்: இறால் வளர்க்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது? "ஒண்ணா விடும்மா, பார்க்க அழகாயிருக்கும்"னு அத்தை ஆசையா சொன்னாங்க. புது மருமக, முடியாதுன்னா சொல்லுவேன்? நீங்களாவது தடுப்பீங்கன்னு, பாத்திரத்தைச் சாய்க்காம நின்னுட்டே இருந்தேன்.

சேனோ: லாரஸ்... ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

லாரஸ்: சுரபாயா வேலைக்குப் போகட்டுமான்னு வாய்விட்டே கேட்டேன், மாஸ். போகாதேன்னு சொல்லுவீங்கன்னு அன்னிக்கும் வாசல்ல நின்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டே, "உன் இஷ்டம்"னீங்க.