மேப்பில் போடாத பாதை

உசிலம்பட்டி பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பாதைகளை மேப்பில் குறிக்கிறவர். மற்றவர் விவசாயி.

விவசாயி சொன்னார்: "என் காட்டுல பாதை இருக்குண்ணே. ஆனா மேப்புல போட்ராதீக."

"ஏன் தம்பி?"

"கோடு விழுந்துட்டா பொதுப்பாதைன்னு ஊரே வண்டிய விடும். பெறகு நான் எங்கிட்டு உழுகுறது?"

"உன் காட்டுக்கு அங்கிட்டு இருபது கூரை வீடு இருக்கு. தீப்பிடிச்சா எங்க வண்டி கம்மாயச் சுத்தித்தான் வரணும். அம்புட்டு நேரம் கூரை தாங்குமா?"

"தீன்னா நான் மறிப்பேனா? தாராளமா வாங்க."

"வண்டி ஓட்டுறவன் வெளியூர்க்காரன். உன் மனசு அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு மேப்புதான் தெரியும்."

செக்கானூரணி வந்தது. ஆள் ஏறி, பஸ் கிளம்பியது.

"தீயணைப்பு வண்டிக்கு மட்டும்னு எழுதுவீகளா?"

"எழுதுறேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்க எழுந்த விவசாயி, படியில் நின்று திரும்பினார்.

"ரெண்டு நாள் கழிச்சுக் கோடு போடுங்கண்ணே. பாதை நடுவுல வைக்கோல் படப்பு நிக்குது. மாத்தி வச்சிர்றேன்."