தண்ணீர் முறையும் தலைநகரும்

“வாற போயாவுக்கு நான் தலைநகரைப் பிடிச்சே ஆகவேணும்.”

நெடுங்கேணி பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னதும் திடுக்கிட்டேன். நான்கு நண்பர்கள் போயா எனும் பௌர்ணமி விடுமுறைகளில் மாதக்கணக்கில் ஆடிவரும் பலகை விளையாட்டு அது என்று பிறகுதான் விளங்கியது.

“அண்டைக்குத்தான் எங்கட வயலுக்குத் தண்ணி முறை. கதிர் வாற பயிர். விட்டால் அடுத்த முறைக்குள்ள கருகிப்போயிடும்,” என்றார் பக்கத்திலிருந்த மனைவி.

“நாலு பேருக்கும் ஒண்டா லீவு வாறது போயாவிலதானப்பா. ஒருத்தன் இல்லாட்டி ஆட்டமே குழம்பிடும்.”

“அப்ப நீங்கள் வாய்க்காலுக்குப் போங்கோ. உங்கட இடத்தில நான் விளையாடுறன்.”

“உமக்கு அதில என்ன தெரியும்?”

“மூண்டு போயாவாத் தேத்தண்ணி ஊத்தித் தந்தனான். நீங்கள் எங்க பிழை விட்டனீங்கள் எண்டும் பாத்தனான்.”

கணவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்க பிழை விட்டனான்?” என்றார், மனைவியைப் பார்க்காமலே.