நாற்காலி எந்தப் பக்கம்

– சார்லஸ்டன்ல என்ன குறைச்சல், பாப்பா? அங்கேயும் பழைய வீடு, அங்கேயும் குதிரை வண்டி. நியூ ஆர்லியன்ஸ்னா சாப்பாடாவது உருப்படியா இருக்கும்.

– அப்பா, ரெண்டையும் பாத்தாச்சு. எனக்கு சவானாதான். இந்தச் சதுக்கம்தான்.

– ஏன், டொலீடோவுல சர்ச் இல்லையா? ஒஹையோக்காரங்க யாரும் கல்யாணமே பண்ணிக்கறது இல்லையா? ஊரையே கிளப்பிக் கூட்டிட்டு இந்தத் தெக்கத்தி வெயிலுக்கு வரணும். என்னமோ போ.

– ஐயா, ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. இந்த ஓக் மரம் எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து நிக்குது. பாசி சடை சடையா எப்படித் தொங்குது பாருங்க! பொண்ணு இதுக்குக் கீழ வந்து நின்னாப் போதும், வேற அலங்காரமே வேண்டாம். எத்தனையோ கல்யாணம் நடத்திட்டேன், இந்த ஒடெஸா டிஸ்டேல் பொய் சொல்ல மாட்டா.

– பாசிக்குள்ள பூச்சி இருக்காமே, மிசஸ் டிஸ்டேல்?

– இருக்கும், ஐயா. நீங்க அதைத் தொடாம இருந்தா அது உங்களைத் தொடாது.

– நல்லாச் சொன்னீங்க போங்க. சரி, இடத்தை நமக்குன்னு அடைச்சுத் தருவாங்களா?

– அது மட்டும் நடக்காது. அனுமதி வாங்கினா நாற்காலி போடலாம், பூ வைக்கலாம். ஆனா சதுக்கம் ஊருக்குப் பொது. போறவங்க போவாங்க, நிக்கறவங்க நிப்பாங்க.

– கேட்டியா, பாப்பா? நீ மோதிரம் மாத்தறப்ப எவனாவது நாயைப் பிடிச்சுட்டு வந்து வேடிக்கை பாப்பான். சுத்திப் பாக்க வர்றவங்களுக்குப் பேய் வீடு காட்டற வண்டி வேற மைக்ல கத்திட்டே போகும்.

– பாக்கட்டும்ப்பா. யாரு வேணா பாக்கட்டும்.

– மழை வந்தா?

– அதுக்கு எங்க ஊர்ல ஒரு வழி இருக்கு, ஐயா. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி, நடக்கற இடத்துக்குப் பக்கத்துலயே ஒரு பாட்டில் விஸ்கியத் தலைகீழாப் புதைச்சுடணும். மழை எட்டிக்கூடப் பாக்காது. முடிஞ்சதும் தோண்டி எடுத்து எல்லாரும் குடிக்கலாம்.

– நல்ல விஸ்கியவா? மண்ணுக்குள்ளயா? ஏம்மா, நீங்கல்லாம் படிச்சவங்கதானே?

– சிரிங்க, சிரிங்க. புதைக்காதவங்க சொட்டச் சொட்ட நனைஞ்சதை இந்தக் கண்ணால பாத்திருக்கேன். என்ன, சதுக்கத்துல தோண்ட விடமாட்டாங்க. பக்கத்துல யார் வீட்டுத் தோட்டத்துலயாவது இடம் கேக்கணும். சரி, நாற்காலிக்கு வருவோம். பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த நீரூற்றைப் பாத்து நிப்பாங்க. நாம பின்னாடி உக்காருவோம். முன் வரிசைல இந்த ஓரம் பொண்ணோட அம்மாவுக்கு...

– அம்மா கிடையாது.

– ஐயோ, மன்னிச்சுக்கோங்க, ஐயா. எப்பத் தவறினாங்க?

– தவறல்லாம் இல்ல. நல்லாத்தான் இருப்பா. கூப்பிடல, அவ்ளோதான். நீங்க பேசிட்டிருங்க. நான் வண்டிய நிழலாப் பாத்து நிறுத்திட்டு வரேன்.

– தங்கம், நான் வாயை வெச்சுட்டு சும்மா இருந்திருக்கணும்.

– உங்க தப்பு இல்ல, மிசஸ் டிஸ்டேல். நான் பள்ளிக்கூடம் படிக்கறப்பவே அம்மா வேற ஒருத்தரோட கிளம்பிப் போயிட்டாங்க. அன்னிலேர்ந்து அப்பா அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. அவளைக் கூப்பிட்டா நான் வரமாட்டேன்னுட்டாரு. கூப்பிடறதில்லன்னு நானும் வாக்குக் குடுத்துட்டேன்.

– பாவம் தங்கம், நீ.

– அதோ, மூலைல நீலக் கதவு போட்ட வீடு தெரியுதா? வாசல்ல ரோஜாச் செடி?

– தெரியுதே.

– அதான் எங்கம்மா வீடு. அவங்களைக் கூட்டிட்டு வந்தவர் போய்ச் சேந்துட்டாரு. இப்ப தனியாத்தான் இருக்காங்க.

– அடி ஆத்தீ! அதுக்குத்தான் சவானா சவானான்னு ஒத்தக் கால்ல நின்னியா?

– நான் கூப்பிடலையே. வாக்கையும் மீறல. தன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறதுக்கு அவங்களுக்கு யார் அனுமதியும் வேண்டாமில்ல?

– வேண்டாம், தங்கம். யாராலயும் தடுக்க முடியாது. ஆனா உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா?

– எந்திரிச்சு ஊருக்குப் போயிட்டே இருப்பாரு. என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர ஆள் இருக்காது. ரொம்பப் பயமா இருக்கு. மாப்பிள்ளைகிட்டகூட இதைச் சொல்லல.

– உஷ்! வராரு, வராரு. கண்ணைத் துடைச்சுக்கோ.

– என்னப்பா, வண்டி நிறுத்த இவ்ளோ நேரமா? ஷூவெல்லாம் ஏன் மண்ணு?

– விஸ்கி புதைக்க இடம் பாத்துட்டு வந்தேன்.

– நீங்களா? இப்பத்தானே கேலி பண்ணீங்க?

– மழை வந்து தொலைச்சா என்ன பண்றது? ரோஜாச் செடிக்குப் பக்கத்துல தோண்டிக்கச் சொல்லிட்டா.

– அப்பா... யாரு சொன்னா?

– மிசஸ் டிஸ்டேல், இந்த நாற்காலியெல்லாம் அப்படியே திருப்பிப் போட்டா என்ன? நீரூற்று முதுகுப் பக்கம் வரட்டும்.

– வேண்டாம், ஐயா. பொண்ணு கண்ணுல வெயில் நேரா அடிக்கும்.

– அடிச்சா அடிக்கட்டும். அந்த நீலக் கதவுகிட்ட நின்னு பாத்தேன். அங்கேருந்து பாப்பாவோட முதுகுதான் தெரியும்.