தூக்குவாளியில் கவலை

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் மடியில் மீன் குழம்புத் தூக்குவாளி.

"கவலையத் துன்னுதான்டி வஞ்சரமே கொழுக்குது" என்றாள் அவள். எங்கள் பக்கம் மத்தி மீனுக்குக் கவலை என்றுதான் பேர்.

"சம்மந்தியம்மா அப்டி இன்னாக்கா சொன்னாங்க?" என்றாள் இளையவள்.

"மாசமா கீற பொண்ணுக்குப் போயி யாராவது கவலைய எட்னு வருவாங்களா, பேரே சரியில்ல, வஞ்சரம் கெடைக்கலியான்னு கேட்டு, வாசலோட அனுப்பிட்டாங்க."

"அவுங்க தூத்துக்குடிப் பக்கம் அத சாளைம்பாங்கக்கா. வேற மீனுன்னு நென்சிகினாங்களோ இன்னாவோ."

"நென்சிக்கட்டும். எங்க வூட்டுக்காரர் வலையில வர்ற வஞ்சரத்து வயித்த நான் அறுத்துப் பாத்துகீறேன். உள்ள பாதி கரைஞ்ச கவலைதான் கீது. சூரைக்கும் அதான், சுறாவுக்கும் அதான். கொழகொழன்னு மெதக்கற சொறி மீனத் துன்னா வெறும் தண்ணிதான். கவலையில எண்ணெ கீது, சத்து கீது. அவ்ளோ பெரிய மீனுங்க ஒடம்பு தேத்தத் தொரத்திகினு போயித் துன்றது எம்பொண்ணுக்கு மட்டும் ஆவாதா?"

"இன்னிக்கும் திருப்பி அனுப்பிட்டா?"

"வாசல்ல நின்னாதான அனுப்புவாங்க. நேரா உள்ள போயி, அவ பக்கத்துல குந்திகினு, நானே ஊட்டிட்டுதான் வருவேன்."

தண்டையார்பேட்டையில் கண்டக்டர் வந்து மூக்கைச் சுளித்தார். "வாளியில இன்னாம்மா?"

"கவலை" என்றாள் அவள். "எங்களுக்கு இல்ல நைனா. சம்மந்தி வூட்டுக்கு."