மன்னிப்பு ஒத்திகை

தம்பி: ...நீ அந்தத் தூண் பக்கத்துல இருந்து வரணும். மெதுவா. நான் பீடத்துப் படியில நிப்பேன். பாடகர் குழு அப்பத்தான் பாட ஆரம்பிக்கும்.

அக்கா: அந்தச் சட்டைக் காலரை விடு. இப்பத்தான் தேய்ச்சேன், கசங்குது.

தம்பி: நான் சொல்றது கேக்குதா இல்லையா?

அக்கா: இஸ்திரிப் பெட்டி கையிலதான் இருக்கு, காதுல இல்ல. சொல்லு. தூண். அப்புறம்?

தம்பி: அப்புறம் நீ லேசா குனியிற. நான் மைக்ல, ‘என் சொந்த அக்காவை இன்று முழு மனதோடு மன்னிக்கிறேன்’னு சொல்றேன். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிறோம். அதோட தவக்கால ஒப்புரவு நிகழ்ச்சி நிறைவு.

அக்கா: யார் முடிவு பண்ணினது?

தம்பி: நம்ம கோயில் பங்குப் பேரவை. தீர்மானமே போட்டாச்சு.

அக்கா: நீ என்னை மன்னிக்கணும்னு தீர்மானமா... எதிர்த்து ஒரு ஓட்டாவது விழுந்துச்சா?

தம்பி: கிண்டலை விடு. இந்த வருஷத் தலைப்பே ‘உள்ளத்தை உழுவோம்’. கோயில் வாசல்ல எவ்வளவு பெரிய பேனர் கட்டியிருக்கேன், பார்த்தியா?

அக்கா: பார்த்தேன். உள்ளம் சின்ன எழுத்துல இருக்கு. செயலாளர்னு உன் பேர்தான் பெருசா இருக்கு.

தம்பி: அது அச்சடிக்கிறவன் பண்ணின தப்பு.

அக்கா: நடுவுல இருக்கிற உன் படமும் அவன் தப்புதானா?

தம்பி: ...நான் என்னென்ன ஒறுத்தல் பண்றேன்னு உனக்கு என்ன தெரியும்? காபி கிடையாது. மெத்தை கிடையாது. வெள்ளிக்கிழமை முழு மௌனம்.

அக்கா: தெரியாம என்ன? வியாழக்கிழமை பூரா போன் போட்டு எல்லார்கிட்டயும் சொல்றியே. மௌனத்துக்கு இவ்வளவு சத்தம் நான் கேட்டதே இல்ல.

தம்பி: இன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான். உனக்காக மௌனத்தைக் கலைச்சுட்டு வந்திருக்கேன்.

அக்கா: ஐயோ பாவம். போய் விட்ட இடத்துல இருந்து தொடரு.

தம்பி: ஞாயிற்றுக்கிழமை வர்றியா, மாட்டியா?

அக்கா: மாட்டேன்.

தம்பி: ஏன்?

அக்கா: உள்ளுக்குள்ள நான் படுற பாடு எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். அதுக்குப் பாட்டும் தூணும் எதுக்கு?

தம்பி: கொஞ்சம் யோசிச்சுப் பாருக்கா. போன வருஷம் சாம்பல் புதன் அன்னைக்கு, ஆயர் முன்னால பீடத்துல உதவுற பிள்ளைங்க அத்தனை பேரும் கத்தரிப்பூ நிற அங்கியில வந்து நின்னாங்க. வெள்ளை அங்கியோட தவக்காலத்துக்கு வாங்கின புது ஊதாத் துணியைச் சேர்த்து மெஷின்ல போட்டா...

அக்கா: சாயம் ஏறும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தம்பி: ஆயர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘இது எந்த நாட்டு வழிபாட்டு முறை’ன்னு கேட்டார். ஜனங்க சிரிப்பை அடக்க முடியாம இருமினாங்க. சலவைக் கடை வச்சிருக்கிறவளே இப்படி...

அக்கா: சொல்லு. ஏன் நிறுத்திட்ட?

தம்பி: ...வேணாம். பழைய கதை.

அக்கா: உனக்குப் பழைய கதை. அன்னையில இருந்து என் கடைக்கு ஒருத்தரும் வெள்ளைத் துணி கொண்டு வர்றதில்ல. அந்த அலமாரியைப் பாரு. கறுப்பு, நீலம், பழுப்பு. எழவு வீடு மாதிரி இருக்கு. கோயில் துணியும் வேற கடைக்குப் போயிடுச்சு.

தம்பி: அதைத்தானே சரி பண்ணலாம்ங்கிறேன். நான் மன்னிச்சுட்டா ஜனங்களும் மன்னிச்சுடுவாங்க. கோயில் துணி மறுபடி உனக்கே வரும். நான் பேசி வச்சிருக்கேன்.

அக்கா: குனிஞ்சு நின்னாத்தான் வெள்ளைத் துணி வரும்னா, எனக்கு இந்தக் கறுப்பே போதும்.

தம்பி: இவ்வளவு திமிர் ஆகாதுக்கா. நீ வராட்டி நான் தனியா நின்னு மன்னிச்சுடுவேன், பார்த்துக்கோ.

அக்கா: தாராளமா. தூணை மன்னிச்சு விடு. அது எதிர்த்துப் பேசாது.

தம்பி: பேரவைத் தலைவர் தேர்தல் வருதுக்கா... இது மட்டும் நல்லபடியா நடந்துட்டா...

அக்கா: அப்படி வா வழிக்கு. போன வருஷமும் தேர்தல்தான். செயலாளர் தேர்தல். இதே மேசைக்கு முன்னால, கண்ணுல தண்ணியோட நின்ன.

தம்பி: மெதுவாப் பேசு. வெளிய ஆள் நிக்குது.

அக்கா: ‘ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க, நீ மட்டும் ஒத்துக்கோ’ன்னு கெஞ்சின.

தம்பி: அக்கா... அது நமக்குள்ள...

அக்கா: நேத்து ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தேன்.

தம்பி: நல்ல விஷயம்தான்... என்ன சொன்ன?

அக்கா: போன வருஷம் அதே ஃபாதர்கிட்ட ஒரு பொய் சொன்னேனே, அதைச் சொன்னேன்.

தம்பி: முழுசாவா? பேரோடவா?

அக்கா: அடுத்தவங்க பாவத்தை அங்க எதுக்குச் சொல்லணும்? என் பங்கை மட்டும் சொன்னேன். மீதியை அவரே புரிஞ்சுக்கிட்டிருப்பார்.

தம்பி: பரவாயில்ல... அங்க கேட்டதை அவர் வெளிய சொல்லக் கூடாது. உயிரே போனாலும் சொல்ல மாட்டார். அது கட்டளை.

அக்கா: அந்தக் கட்டளை அவருக்குத்தான், எனக்கு இல்ல. சரி, மனசை மாத்திக்கிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வர்றேன். மைக்கை மட்டும் என் உயரத்துக்கு இறக்கி வை. நான் கடையில இல்லாதப்ப அவசரப்பட்டு ரெண்டு துணியையும் ஒண்ணா மெஷின்ல அள்ளிப் போட்டது நீ. நான்தான் போட்டேன்னு பொய் சொன்னது நான். ரெண்டு பேரும் சேர்ந்தே குனிவோம்.