முள்ளோடு நெத்தலி

பத்தாம் வகுப்போடு நின்றவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து பெரியகல்லாற்றுக்கு வந்த பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு மாமியும் மருமகளும் இருந்தார்கள். மருமகளின் மடியில் ஒரு மாதக் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"மாமி, இவன் என்ட எலும்பைத்தான் குடிக்கிறான்" என்றாள் மருமகள்.

"கண்டறியாத கதை. பாலைத்தான் குடிக்கிறான்."

"பாலுக்குக் கல்சியம் வேணும். நான் திங்காட்டி, உடம்பு என்ட எலும்பில இருந்து எடுத்துக் குடுக்குமாம். கிளினிக்கில மருத்துவிச்சி மிஸ் சொன்னவ."

"அந்த மிஸ் எத்தின புள்ள பெத்தவ? நான் அஞ்சு பெத்தன். பத்தியம் முடியுமட்டும் மீன் கிரந்தி. புள்ளைக்கு மேலெல்லாம் பொரியும்."

"அஞ்சு பெத்த உங்களுக்கு இந்த பஸ்ஸில ஏற ஆர் கை தந்த?"

மாமி முழங்காலைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"நாளைக்கு எனக்கு நெத்தலி வேணும் மாமி. முள்ளோட. நீங்க ஆக்காட்டி நானே ஆக்குவன்."

"என்ட சட்டியில கை வைச்சுப் பார்!"

"சட்டி தராட்டி பால்மாத் தகரப் பேணியில அவிப்பன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியகல்லாற்றில் இறங்கும்போது மாமி மருமகளின் கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினார்.

அடுத்த நாள் காலை மீன் சந்தையில் அந்த மாமியைக் கண்டேன். நெத்தலிக் குவியலில் பெரியதை ஒதுக்கிவிட்டு, முள்ளோடு தின்னக்கூடிய சிறியதாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.